பக்கத்து இருக்கையின் விலை

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே மாதம் இரண்டு தடவை ஆகாய மார்க்கமாகப் போய்வருகிற மனிதன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிழைப்பு சென்னையில், எண்பத்து மூன்று வயதான தாயார் மதுரையில். மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பழைய வீட்டை விட்டு அவள் வர மாட்டாள். வரச்சொல்லிக் கெஞ்சிய காலம் போய்விட்டது. இப்போது நான்தான் போகிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் குலுங்கிப் போய், மறுநாள் இரவே குலுங்கித் திரும்புவதற்கு என் முதுகெலும்பு இப்போது சம்மதிப்பதில்லை. ஆகையால் விமானம்.

இப்படிப் பல வருஷமாகப் போய்வருவதால் நண்பர்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு புதிய கௌரவம் ஏற்பட்டுவிட்டது. என் நாவல்களைப் பற்றி யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. “மதுரைக்கு எந்தக் கம்பெனி விமானம் நல்லது?” என்றுதான் கேட்கிறார்கள். நானும் சளைக்காமல் சொல்லிவந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. கறுப்பு அட்டை போட்ட ஒரு சிறு நோட்டுப் புத்தகம். அதில் ஒவ்வொரு பிரயாணத்துக்கும் ஒரு வரி. நேரம், கால் நீட்ட இடம், தேநீர், சிப்பந்திகளின் முகம், கடைசியாக ‘மிச்சம்’ என்று ஐந்து கட்டங்கள். வழக்கமான கட்டணத்தைக் காட்டிலும் எத்தனை ரூபாய் குறைவாகப் பறந்தேன் என்பதைக் கடைசிக் கட்டத்தில் எழுதுவேன். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் மனிதனுக்கு ஓர் ஆனந்தம் இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு கடை பார்த்து வாங்கினால்தான் அது ருசிக்கிறது. விமானத்தில் அந்த ஆனந்தம் நமக்குக் கிடைத்தது வெகு நாட்களுக்குப் பிறகுதான். 1953-ல் நாட்டில் இருந்த எட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் என்று சர்க்கார் நிறுவியது. அதற்குப் பிறகு நாற்பது வருஷ காலம் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. ரேஷன் கடையில் நின்றுகொண்டு, எந்தக் கடை அரிசி நல்லது என்று யோசிப்பவன் உண்டா? 1994-ல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. அதற்குச் சற்று முன்பிருந்தே தனியார் விமானங்கள் பறக்கத் தொடங்கியிருந்தன. 1993-ல் ஜெட் ஏர்வேஸ், 2003-ல் ஏர் டெக்கான், 2005-ல் ஸ்பைஸ்ஜெட்டும் கிங்ஃபிஷரும், 2006-ல் இண்டிகோ. சென்னையிலிருந்தே பாரமவுண்ட் என்று ஒரு கம்பெனி 2005-ல் கிளம்பிச் சிறிய ஜெட் விமானங்களில் அகலமான இருக்கைகளைப் போட்டு நம்மை உபசரித்தது. 2010-ல் அதுவும் நின்றுவிட்டது.

சிறு தூரப் பிரயாணத்தைப் பற்றி அனுபவத்தில் கண்ட சில உண்மைகளையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பழகிய நண்பர்கள் ஏமாறக் கூடாது. முதலாவது, விமானத்தின் வகை. விசிறி சுழலும் ஏடிஆர் விமானம் என்றால் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் இந்த மாதிரித் தூரத்துக்கு அது நல்ல வண்டி. ஜெட்டைவிட மெதுவாகப் போனாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் வராது; எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். வரிசைக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். இரண்டு பேருக்கு நடுவே நசுங்கும் மூன்றாவது மனிதன் அதில் கிடையாது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னல் வழியே பூமி நன்றாகத் தெரியும். ஏறும் வாசல் பின்பக்கம் என்பதால், முன் வரிசைக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர் கடைசியாக இறங்குவதைப் பார்க்கும் சிறு சந்தோஷமும் உண்டு.

இரண்டாவது, நேரம். ‘சரியான நேரத்தில்’ என்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றனவே, அதற்கு அர்த்தம் குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள் என்பதுதான். அது போகட்டும். ஆகாயத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பறக்கிற பிரயாணத்துக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி, அதற்கும் மேலே கூடப் போட்டிருப்பார்கள். கூட்டமான நிலையத்தில் ஓடுபாதைக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் அடக்கம் என்பது உண்மை. தாமதத்தை முன்கூட்டியே அட்டவணைக்குள் எழுதிவைத்துவிட்டால் தாமதமே இல்லை என்பதும் உண்மை. பரீட்சைக்கு முன்பே தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்ட மாணவனைப் போல. இதையெல்லாம் என் நோட்டுப் புத்தகம் கண்டுபிடித்தபோது ஒரு துப்பறியும் நிபுணரின் மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

மூன்றாவது, கட்டணம். அதில்தான் என் சாமர்த்தியம் முழுவதும் இருந்தது. ஒரே நாளில் ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைக்கு இருபது விலைகள் இருக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றில் மிகக் குறைந்த விலைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பது ஒரு கலை. தாயாரின் மருந்துச் சீட்டு, கோயில் திருவிழா, எனக்கு வேலை ஓய்கிற நாள் எல்லாவற்றையும் பார்த்து இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுவேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாயார் கேட்கிற முதல் கேள்வி, “சாப்பிட்டியா?” இரண்டாவது கேள்வி, “டிக்கெட் என்ன விலை?”

ஒரு தடவை 2,100 ரூபாய் என்று பெருமையோடு சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஆகாசத்துல தூக்கிட்டு வந்து விட்டுட்டு இவ்வளவுதான் வாங்கினா, அவனுக்குக் கட்டுப்படியாகுமாப்பா?” என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அந்தக் காலத்து மனுஷி. வியாபாரியின் கஷ்டத்தையும் சேர்த்து யோசித்தே காய் வாங்கிப் பழகியவள். அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு காலை. இரண்டு மாதத்துக்கு முன்பு 2,450 ரூபாய்க்கு எடுத்த டிக்கெட்டுடன் ஏறி உட்கார்ந்தேன். அது எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. எதுவாக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். கடைசிப் பஸ்ஸில் வந்தவர்களோடு ஒருவர் வந்து எனக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, விரலிடுக்கில் எண்ணெய்க் கறை, காலில் ரப்பர்ச் செருப்பு. கையில் பை இல்லை. ஒரு செல்போனை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் அவர் தடுமாறியபோது நான் உதவினேன்.

“முதல் தடவையா தம்பி?”

“ஆமாங்கய்யா.” சற்றுப் பொறுத்து, “அப்பா தவறிட்டாரு” என்றார்.

இதைக் கேட்டவுடன் என்ன சொல்வது என்று எந்த எழுத்தாளனுக்கும் தெரியாது. கதையில் எழுதும்போது எத்தனையோ வசனங்கள் வரும். நேரில் ஒன்றும் வராது. “எந்த ஊர்?” என்று மட்டும் கேட்டேன்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. அதிகாலையில் செய்தி வந்திருக்கிறது. பகல் ஒரு மணிக்கு எடுக்கிறார்கள். இவர்தான் மூத்த மகன்; கொள்ளி வைக்க வேண்டியவர். பஸ்ஸில் போனால் மாலையாகிவிடும். பட்டறை முதலாளி தம் போனிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்து, “சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறேன், போ” என்று அனுப்பியிருக்கிறார்.

விமானம் எழும்பிற்று. முதல் தடவை பறக்கிறவர்கள் எல்லாரும் ஜன்னலோடு முகத்தை ஒட்டவைத்துக்கொள்வார்கள். அவர் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்து மெல்லிய குரலில், ஏதோ தப்புச் செய்கிறவரைப் போலக் கேட்டார்:

“ஐயா, பதினோராயிரத்து இருநூறு ஆயிருச்சு. எல்லாருக்கும் இதே விலைதானுங்களா? நீங்க எவ்வளவு குடுத்தீங்க?”

“கிட்டத்தட்ட அவ்வளவுதான் தம்பி. தீபாவளி சமயமில்லையா?” என்றேன்.

கண நேரம்கூட நான் தயங்கவில்லை. பொய் நாக்கின் நுனியிலேயே காத்துக்கொண்டிருந்தது போல வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எல்லாருக்கும் அதே விலை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல் ஏற்பட்டதை நான் பார்த்தேன்.

மதுரையில் இறங்கியதும் அவர் வெளியே போகும் வழியைக் கேட்டார். ஆரப்பாளையம் போய்த்தான் அவர் பஸ் பிடிக்க வேண்டும். எனக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தேன். அதில் கொண்டுபோய் விடலாம் என்ற நினைப்பும் வந்தது. ஆனால் என் பெட்டி வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவருக்குப் பெட்டி இல்லை. நான் வெளியே வந்தபோது அவரைக் காணவில்லை.

வீட்டுக்குப் போனேன். “டிக்கெட் என்ன விலை?” என்று தாயார் கேட்டாள். அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன்? சில நாள் வரைக்கும் எனக்கு நானே நல்ல பதிலாகச் சொல்லிக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவரிடம், “நீங்கள் என்னைப் போல நாலரை மடங்கு கொடுத்திருக்கிறீர்கள்” என்று சொல்வது மனிதத்தனமா? நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறாரே! ஆனால் அந்த வாசலில் அவர் ஒரு காவலாளியையும் நிறுத்தியிருக்கிறார். அந்த நன்மையில் மாசு இருக்கக் கூடாது. என் பொய்யினால் விளைந்த நன்மை யாருக்கு? அவருக்குக் கொஞ்சம். எனக்கு நிறைய. உண்மையைச் சொல்லியிருந்தால் மீதிப் பயணம் முழுவதும் அந்த மனிதரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டுமே! அதற்குத்தான் பயந்தேன். சாமர்த்தியசாலி என்று என்னைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் அந்த ஓர் இருக்கை தூரத்தில் வெட்கமாக மாறிவிட்டது.

அப்படியானால் அந்த வெட்கத்துக்குக் காரணம் உண்டா? நான் யாரையும் ஏமாற்றவில்லை. விலை சொன்னார்கள், கொடுத்தேன். அவரையும் யாரும் ஏமாற்றவில்லை. விலை சொன்னார்கள், கொடுத்தார். இருவரும் சம்மதித்துச் செய்த இரண்டு வியாபாரங்கள். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு ஒரு நண்பரிடம் போனேன். விமானக் கம்பெனி ஒன்றில் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். உணர்ச்சிகளுக்கு இடம் கொடாத நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. ஏனென்றால் அவர் பக்கத்திலும் பலமான நியாயம் இருக்கிறது.

“விமானத்தின் இருக்கை பூ மாதிரி” என்றார் அவர். “சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் வாடிவிடும். காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது. ஆகையால் முன்கூட்டி வருகிறவனுக்குக் குறைந்த விலை, கடைசியில் வருகிறவனுக்கு அதிக விலை. இது நேற்று வந்த யோசனையில்லை. 1978-ல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். மலிவுக் கம்பெனிகள் புறப்பட்டு வந்தன. அவற்றைச் சமாளிக்க 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, கம்ப்யூட்டரை வைத்து எந்த இருக்கையை எந்த விலைக்கு, எத்தனை நாள் முன்பு விற்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தது. இன்று உலகம் முழுவதும் அதுதான். உங்கள் 2,450 எப்படிச் சாத்தியம் என்று நினைக்கிறீர்கள்? அவருடைய 11,200-னால்தான் சாத்தியம்.”

“அதுதான் என்னை உறுத்துகிறது” என்றேன்.

“இன்னும் கேளுங்கள். எல்லா இருக்கைகளையும் ஒரே நடுத்தர விலைக்கு விற்றிருந்தால் தீபாவளி வாரத்தில் என்ன ஆகியிருக்கும்? உங்களைப் போன்ற புத்திசாலிகள் ஒரு மாதத்துக்கு முன்பே அத்தனையையும் வாங்கியிருப்பார்கள். அன்று காலை அவருக்கு இருக்கையே கிடைத்திருக்காது. விலை அதிகமாக இருந்ததனால்தான் ஓர் இருக்கை மிஞ்சியது. அவர் தகப்பனார் முகத்தைப் பார்த்தார். எது தர்மம்? விலை உயர்ந்த இருக்கையா, இல்லாத இருக்கையா?”

நான் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். இன்றைக்கும் அந்தக் கடைசிக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அவர் சொன்ன பூ உவமை மட்டும் என் மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் பூ விற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சந்து முனையில் ஒரு பாட்டி பூ விற்றாள். அவளும் முகூர்த்த நாளில் விலையை ஏற்றுவாள். இருட்டிய பிறகு இறக்குவாள். கம்ப்யூட்டர் இல்லாமலே அந்தச் சாஸ்திரம் முழுவதும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவன் ஓடிவந்து மாலை கேட்டால் அவள் முதலில் பார்ப்பது அவன் முகத்தை. “நல்ல காரியமா, மத்ததா?” என்று கேட்பாள். மற்றது என்றால் முகூர்த்த நாளானாலும் பழைய விலைதான். கையில் காசு குறைந்தால் “பொறவு குடு, போ” என்பாள். அவள் பெரிய தர்மவதி என்று நான் சொல்லவில்லை. அவளுடைய விலையில் ஒரு ஜோடிக் கண்கள் இருந்தன, அவ்வளவுதான்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும் பட்டினப்பாலையும் இதைத்தான் சொல்கிறது. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே மாதிரி மதித்தார்கள், நியாயத்துக்கு மேல் கொள்ளவில்லை என்று அவர்களுக்குச் சிறப்புச் சொல்கிறது. எல்லாருக்கும் ஒரே விலை என்பதல்ல அங்கே சிறப்பு. எதிரே நிற்பவனை மறக்காமல் சொன்ன விலை என்பது சிறப்பு.

இப்போது விலை சொல்கிற இயந்திரத்தைப் பாருங்கள். கடைசி நேரத்தில் வருகிறவன் யார் என்று அது கேட்பதில்லை. கடைசி நேரத்தில் வருகிறவன் பெரும்பாலும் கம்பெனிச் செலவில் பறக்கிற பெரிய உத்தியோகஸ்தன். அவன் பையிலிருந்து பணம் போவதில்லை. எவ்வளவு சொன்னாலும் கொடுப்பான். இதுதான் ஆதிக் கணக்கு. அந்தப் பணக்கார மீனுக்கு விரித்த வலையில் லேத் பட்டறைத் தொழிலாளியும் வந்து மாட்டிக்கொள்கிறான். இருவரும் ஒரே குணத்தை உடையவர்கள்: ‘எவ்வளவு ஆனாலும் போயே தீர வேண்டும்.’ ஒருவனுக்கு அது கம்பெனியின் அவசரம். இன்னொருவனுக்குத் தகப்பனாரின் சிதை. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. பண்டம் அருமையாக இருப்பதனால் ஏறுகிற விலை ஒன்று. வாங்குகிறவன் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பதனால் ஏறுகிற விலை இன்னொன்று. முதலாவது வியாபாரம். இரண்டாவதற்கு நம் முன்னோர்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள்.

இதை மாற்ற முடியாதா? முடியாது என்று சொல்ல முடியாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் சில கம்பெனிகள், குடும்பத்தில் சாவு நேர்ந்து அவசரமாகப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. நம் ஊரில் முதியோருக்கும் மாணவருக்கும் படைவீரருக்கும் சலுகை கொடுக்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு இதுவும் தெரியாமல் போகாது. 2017-ல் சிறு ஊர்களுக்கு விமானம் விட்டபோது, ஒரு மணி நேரப் பறத்தலுக்கு இருக்கைகளில் ஒரு பங்கை 2,500 ரூபாய்க்குள் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் திட்டம் போட்டது. 2025 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய புது விதிகளுக்குத் தகுந்தபடி ஆட்களைத் திட்டமிடாததால் நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி ஆயிரக்கணக்கான பறத்தல்களை ரத்துச் செய்தது. மற்றக் கம்பெனிகளின் விலை வானளவு ஏறியது. உடனே சர்க்கார் குறுக்கிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. நாடு முழுவதும் அவதிப்பட்டால் அதற்கு நெருக்கடி என்று பெயர், வரம்பு வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே நெருக்கடி. அதற்கு வரம்பு கட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அந்த டிசம்பர் மாதச் செய்தி என் நோட்டுப் புத்தகத்தின் இன்னொரு கட்டத்தையும் கலைத்துவிட்டது. ‘நேரம்’ என்ற கட்டத்தில் எத்தனையோ வருஷமாக நான் தாராளமாக மதிப்பெண் போட்டுவந்தேன். அந்த நேரத்துக்குள் யாரோ ஒரு விமானியின் தூக்கமும் அடங்கியிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அவருக்குக் கூடுதலாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்தவுடன் அட்டவணையே சரிந்து விழுந்தபோதுதான், அது எவ்வளவு மெல்லிய கம்பத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது என்று தெரிந்தது.

‘சிப்பந்திகளின் முகம்’ என்று ஒரு கட்டம் இருந்ததல்லவா? அதையும் புரட்டிப் பார்த்தேன். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023-ல் நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் செய்தது என்ன? அந்தக் கம்பெனியின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். சம்பளப் பாக்கிக்காகத் தெருவில் நின்ற சிப்பந்திகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேருடைய புன்னகைக்கு நான் பத்துக்கு எட்டு போட்டிருந்தேனோ! அந்தக் கம்பெனிகள் விழுந்ததற்குக் கடனும் நிர்வாகமும் காரணம்; நூறு ரூபாய் குறைந்தால் தாவி ஓடுகிற என்னைப் போன்ற பிரயாணி காரணமில்லை என்று சொல்லலாம். முழுக் காரணமில்லைதான். ஆனால், ‘அவனுக்குக் கட்டுப்படியாகுமாப்பா?’ என்ற கேள்வியை நான் ஒரு தடவையாவது கேட்டதுண்டா? தாயார்தான் கேட்டாள். நான் சிரித்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே கம்பெனி இருந்த காலத்தை நான் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் லேத் பட்டறைத் தொழிலாளி விமானத்தில் ஏறுவதைக் கனவில்கூட நினைத்திருக்க முடியாது. ஒப்பிடுகிறவர்கள் இருப்பதனால்தான் விலை இறங்கியது, தேநீர் சூடாயிற்று, அவரும் ஏற முடிந்தது. இது பெரிய நன்மை. நான் சொல்வது வேறு. ஒப்பிடுகிறவன் எப்போதும் ஒரு பக்கம்தான் பார்க்கிறான். இந்தக் கம்பெனியையும் அந்தக் கம்பெனியையும் எதிரெதிரே வைத்து எடை போடுகிறான். தன் இருக்கையையும் பக்கத்து இருக்கையையும் வைத்து எடை போடுவதில்லை. தராசைப் பிடித்திருக்கும் கை தராசில் ஏறுவதே இல்லை.

தெரிந்தெடுக்கும் வசதி என்பது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது ஒரு பாக்கியம் என்று தோன்றுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுக்க வேண்டுமானால், இரண்டு மாதத்துக்குப் பிறகு தன் வாழ்வு எப்படியிருக்கும் என்று ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் ரொக்கம் இருக்க வேண்டும். கேட்ட நாளில் லீவு கிடைக்க வேண்டும். யாரும் திடீரென்று சாகாமல் இருக்க வேண்டும். இத்தனையும் இருப்பவனுக்குக் குறைந்த விலை. இல்லாதவனுக்குக் கூடிய விலை. நிம்மதிக்குத் தள்ளுபடியும் துன்பத்துக்கு அபராதமும் விதிக்கிற அந்தக் கணக்கில் குற்றவாளி என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. கம்பெனிக்காரர் இயந்திரத்தைக் காட்டுகிறார். இயந்திரம் பிரயாணிகளைக் காட்டுகிறது. பிரயாணியான நான் என் பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். செய்தவர் யாரும் இல்லாமலே ஓர் அநியாயம் நடக்க முடியும் என்பதுதான் இந்தக் காலத்தின் விசித்திரம். செய்தவர் இல்லாவிட்டாலும் லாபம் பெற்றவர் உண்டு. அவரையாவது நமக்குத் தெரியும்.

இதற்கு நான் கண்ட பரிகாரம் ஒன்றும் பெரிதல்ல. சர்க்காருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். துக்கத்துக்கென்று ஒரு கட்டணம் கேட்கிற குரலோடு என் குரலையும் சேர்த்துக்கொள்கிறேன். சாவுக்குச் சாட்சி கேட்டுப் பிறகு பணத்தைத் திருப்பித் தருவது நடக்காத காரியமல்ல. ஏமாற்றுகிறவர்கள் வருவார்கள் என்று என் கணக்கு நண்பர் சொல்கிறார். வரட்டும். பத்துப் பேர் தாத்தாவை இரண்டாம் தடவை சாகடிப்பார்கள் என்பதற்காக, உண்மையாகவே தகப்பனாரை இழந்தவனைத் தண்டிக்க வேண்டுமா?

மற்றபடி, நான் இன்னும் முன்கூட்டியேதான் டிக்கெட் எடுக்கிறேன். வீம்புக்கு அதிக விலை கொடுத்து யாருக்கும் நன்மை செய்துவிட முடியாது. நண்பர்கள் கேட்டால் எந்தக் கம்பெனி நல்லது என்றும் சொல்கிறேன். கறுப்பு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. கடைசிக் கட்டத்தின் தலைப்பை மட்டும் அடித்துவிட்டேன். ‘மிச்சம்’ என்று எழுத இப்போது கை வருவதில்லை. யாருக்கோ பாக்கி வைத்திருப்பதை மிச்சம் என்று எப்படி எழுதுவது? பெட்டியையும் சரக்கு அறைக்கு அனுப்புவதில்லை. ஒரு கைப்பையோடு போய்வருகிறேன். இறங்கியவுடன் வெளியே வர முடிகிறது.

போன மாதம் வீட்டில் நுழைந்ததும் தாயார் வழக்கம்போல விலையைக் கேட்டாள். சொன்னேன். பிறகு நானாகவே, “எல்லாருக்கும் இந்த விலை இல்லேம்மா. அவசரமா வர்றவங்களுக்கு ரொம்ப அதிகம்” என்றேன்.

அவள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

“அவசரமா வர்றவங்கன்னா, எனக்கு ஏதாச்சும்னு நீ வருவியே, அப்படியா?”

நான் பேசவில்லை. உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.